பூட்டிய வீட்டிலும் தானே மூடும் வால்வு: நன்கொடை வேண்டுகோள்

நமது குடியிருப்பில் வசிக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், வாடகைக்கு இருக்கும் குடும்பத்தினருக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

திருப்பூரில் உள்ள நமது 32 வீடுகளிலும், நீர்க்கசிவை உணர்ந்தவுடன் தானாக மூடிக்கொள்ளும் வால்வுகளைப் பொருத்த முடிவு செய்திருக்கிறோம். மொத்தச் செலவு 4,20,000 ரூபாய். எங்கள் நீர்க்கசிவுத் தடுப்புக் குழுவின் உறுப்பினர்களும் முதலிலேயே முன்வந்த சில குடும்பங்களும் கொடுத்த 1,10,000 ரூபாய் கையில் இருக்கிறது. மீதமுள்ள 3,10,000 ரூபாய்க்காக உங்களிடம் வந்திருக்கிறோம்.

கடந்த தீபாவளி விடுமுறையில் நடந்ததை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம். கம்பெனிகளுக்கு விடுமுறை விட்டால் திருப்பூரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மூன்றாம் தளத்துக் குடும்பம் ஒன்றும் அப்படித்தான் சொந்த ஊருக்குப் போயிருந்தது. அவர்கள் சமையலறையில் சிங்குக்கு அடியில், சுவரில் இருக்கும் சிறு வால்வான ஆங்கிள் காக்கிலிருந்து மேலே குழாய்க்குப் போகும் கனெக்‌ஷன் பைப் நட்டோடு விரிசல் விட்டது. சமையலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. கூடத்தில் பரவிய தண்ணீர் இரண்டாம் தளத்துக் கூரையில் இறங்கி, சுவர் வழியாக முதல் தளத்துக்கும் வந்தது. அங்கே ஓர் அம்மா இரண்டு தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு, கம்பெனியிலிருந்து பண்டல் வாங்கி வந்து பீஸ் கணக்கில் தைத்துக் கொடுக்கிறார். தைத்து முடித்து அடுக்கியிருந்த பீஸ்களின் மேல்தான் அந்தத் தண்ணீர் விழுந்தது. சுண்ணாம்பும் கம்பித் துருவும் கலந்த கறை வெள்ளைப் பனியன் துணியில் பட்டால் சாதாரணமாகத் துவைத்தால் போகாது. கெட்டுப்போன துணியின் விலை அவருடைய கூலியில் கழிந்தது.

மேல் வீட்டுக்காரர்களை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கிளம்பும்போது எல்லாக் குழாய்களையும் மூடி, கேஸை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். உள்ளே இருக்கும் ஒரு நட்டு எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஊர் திரும்பியதும் அவர்கள் அந்த அம்மாவிடம் போய் வருத்தம் தெரிவித்து, தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். ஆனால் கூரையில் ஊறிய ஈரம் இன்னும் காயவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் இந்தக் குழு அமைந்தது. முதல் கூட்டத்திலேயே எழுந்த கேள்வி, “அவரவர் வீட்டுக்கு அவரவர் வால்வு வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும், இதற்கு எதற்குப் பொதுப்பணம்?” என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் தீபாவளியன்று குழாய் இருந்தது மூன்றாம் தளத்தில். நஷ்டம் விழுந்தது முதல் தளத்தில். முதல் தளத்து அம்மா தன் வீட்டில் எத்தனை வால்வு போட்டிருந்தாலும் அவருடைய துணி தப்பியிருக்காது. அவரைக் காப்பாற்ற வேண்டிய வால்வு வேறொருவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும். முப்பது வீடுகள் போட்டு இரண்டு வீடுகள் போடவில்லை என்றால், அந்த இரண்டுக்கும் கீழே இருப்பவர்கள் போட்டும் போடாதவர்கள்தான். ஆகவே வசதி உள்ள வீடு, இல்லாத வீடு என்று பிரிக்காமல் 32 வீடுகளிலும் ஒரே நேரத்தில் வேலையை முடிக்க வேண்டும் என்பதில் குழு உறுதியாக இருக்கிறது.

நமது குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்பு நிதியிலிருந்து எடுக்கலாமே என்றும் சிலர் கேட்டார்கள். அந்தப் பணம் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் காவலாளி சம்பளத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிக்குமே சரியாக இருக்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் அதுவும் போதாது.

இனி, என்ன பொருத்தப் போகிறோம் என்பது. பணம் கேட்பவர்கள் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

வெளிநாடுகளில் தனி வீட்டுக்குள் ஒரே ஒரு குழாய் நுழையும். அதில் ஒரு வால்வு வைத்தால் வீடு முழுவதும் அடங்கிவிடும். நமது கட்டடத்தில் அப்படி இல்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று இடங்களில் தண்ணீர் இறங்குகிறது: சமையலறைக்கு ஒன்று, இரண்டு குளியலறைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. எனவே வீட்டுக்கு மூன்று வால்வுகள் வேண்டும். செலவு கூடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

சிங்குக்கு அடியிலும், வாஷிங் மெஷினுக்குப் பின்னாலும், இரண்டு குளியலறைகளின் வாசற்படிக்கு வெளியிலும் தீப்பெட்டி அளவுள்ள சென்சார் ஒவ்வொன்று இருக்கும். அதன் அடியில் இரண்டு உலோக முனைகள் உண்டு. தரையில் தண்ணீர் தேங்கி இரண்டு முனைகளையும் தொட்டால் சிறு மின்னோட்டம் ஓடும்; உடனே கன்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்று வால்வுகளையும் மூடிவிட்டு ஒலி எழுப்பும். குளியலறைக்கு உள்ளே சென்சார் வைக்கவில்லை. குளிக்கும் இடம் எப்போதும் நனைந்துதான் இருக்கும், தினமும் பத்து முறை கத்தும் கருவியை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாமே ஒயர் இணைப்பு. இணையமும் தேவையில்லை, கைப்பேசியும் தேவையில்லை. ஒலி வந்தால் தரையைத் துடைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் தண்ணீர் திரும்ப வரும். தனியாக இருக்கும் பாட்டிகளும் சிரமமில்லாமல் கையாள வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்தே கருவியைத் தேர்ந்தெடுத்தோம்.

வால்வு விஷயத்தில்தான் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. விலை குறைவு என்பதால், மின்காந்தத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்த வகையில் பலவற்றுக்கு ஓரளவு நீர் அழுத்தம் இருந்தால்தான் திறக்கும். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மூன்றாம் தளத்துக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கிறது. அதோடு நமது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அதன் நுண்ணிய துளையை அடைத்துவிடும். எனவே மோட்டாரால் கால் சுற்று சுற்றி மூடும், உள்ளே துளையிட்ட உருண்டை உள்ள பால் வால்வையே (ball valve) தேர்ந்தெடுத்தோம். வழி அகலமாக இருப்பதால் அழுத்தம் குறையாது. மின்சாரம் போனாலும் இருந்த நிலையிலேயே நிற்கும். மூட வேண்டிய சில நொடிகளுக்கு மட்டும் பேட்டரி போதும். அப்படியும் உப்பு படிந்து இறுகிவிடக் கூடாது என்பதற்காக, மாதம் ஒருமுறை கன்ட்ரோலர் தானாகவே ஒருமுறை மூடித் திறக்கும்படி அமைக்கிறோம். இப்போது குழாய்கள் இறங்கும் டக்டில் இருக்கும், கையால் திருகி மூடும் பழைய கேட் வால்வுகளைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரும்பாலானவை இரண்டு ஆள் சேர்ந்து திருப்பினாலும் அசைவதில்லை. “ஊருக்குப் போகும்போது கேட் வால்வை மூடிவிட்டுப் போனால் போதுமே” என்பவர்களுக்கும் இதுவே பதில்.

கீசருக்கு ஆபத்து வருமா என்று கேட்டார்கள். வராது. தண்ணீர் நின்றாலும் கீசர் தொட்டி நிரம்பியே இருக்கும்.

இந்த ஏற்பாடு எல்லாக் கசிவையும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டோம். சுவருக்குள் புதைந்த குழாய் கசிந்தால் தரைச் சென்சாருக்குத் தெரியாது. ஃபிளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகினாலும் தெரியாது. மேல்தொட்டி காலியாக இருக்கும்போது குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் வரவில்லை என்று அப்படியே வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்; பிறகு மோட்டார் போட்டதும் ஆளில்லாத வீட்டில் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். தரை நனையாததால் அதுவும் சென்சாருக்குத் தெரியாது. இவற்றுக்காகத்தான் மொட்டை மாடித் தொட்டிகளில் நீர்மட்டம் அளக்கும் கருவி வைக்கிறோம். எல்லோரும் உறங்கும் நள்ளிரவில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். காவலாளி அறையில் விளக்கு எரியும். மட்டம் நிரம்பியதும் மோட்டாரையும் அதே கருவி நிறுத்திவிடும். வழிந்து வீணாவது நிற்கும்.

ஃபிளஷ் டேங்கைச் சோதிக்கச் செலவே இல்லை. இன்றிரவே அதில் சொட்டு நீலம் கொஞ்சம் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருந்து, பிறகு கோப்பையில் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும்.

நொடிக்கு ஒரு சொட்டு என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு அது பல லிட்டர். உடைந்த கனெக்‌ஷன் பைப்பில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர். 50 சதுர மீட்டர் வீட்டுக்குள் 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அது. பவானியிலிருந்தும் காவிரியிலிருந்தும் நெடுந்தூரம் குழாயில் வந்து, முறை வைத்து நமக்குக் கிடைக்கும் தண்ணீரும் இதில் உண்டு. 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இந்த ஊரின் சாயப்பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தப் பழகின. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த நாம், குடிக்கும் தண்ணீரை வீட்டுக்குள் வழியவிட்டுக்கொண்டிருப்பது எங்களுக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

கட்டடத்தையும் எண்ணிப் பாருங்கள். காங்கிரீட்டுக்குள் ஈரம் போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும்; அந்த அழுத்தத்தில் காங்கிரீட் விரிந்து பெயர்ந்து விழும். ஸ்விட்ச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

செலவு விவரம்: ஒரு வீட்டுக்கு மூன்று வால்வுகள் 6,600 ரூபாய், பேட்டரியோடு கன்ட்ரோலர் 2,400 ரூபாய், நான்கு சென்சார்கள் 1,800 ரூபாய், பிளம்பர், எலக்ட்ரீசியன் கூலி 1,200 ரூபாய். ஆக 12,000 ரூபாய். 32 வீடுகளுக்கு 3,84,000 ரூபாய். தொட்டிகளின் நீர்மட்டக் கருவிக்கும் மோட்டார் இணைப்புக்கும் 36,000 ரூபாய்.

இது தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற கட்டாய வரி) அல்ல. ஊரில் கோயில் திருவிழாவுக்குப் பூச்சாட்டு வைத்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவோம். இங்கே அப்படி எழுதப் போவதில்லை. முடிந்தவர்கள் தங்கள் வீட்டுக்கான 12,000 ரூபாயை முழுமையாகத் தாருங்கள். கூடுதல் வசதி உள்ளவர்கள் இன்னொரு வீட்டுக்கும் சேர்த்துத் தாருங்கள். எந்த வீட்டுக்கு என்று பெயர் குறிக்க வேண்டாம், யாருக்கு யார் கொடுத்தார்கள் என்பது குழுவுக்குக்கூடத் தெரியத் தேவையில்லை. வாடகைக்கு இருப்பவர்கள், “வீடு எங்களுடையது அல்லவே” என்று ஒதுங்க வேண்டாம். நனைவது உங்கள் பொருள்தான். ஒரு சென்சாரின் விலை 450 ரூபாய். அதைக் கொடுத்தாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். எதுவும் கொடுக்க முடியாத வீட்டிலும் அதே வால்வு, அதே நாளில் பொருத்தப்படும்.

வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களிடம் ஒரு கூடுதல் வேண்டுகோள். உங்கள் பூட்டிய வீடுகளைப் பற்றித்தான் கீழ் வீட்டுக்காரர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். வேலை நடக்கும் இரண்டு மணி நேரத்துக்கு யாராவது உறவினரை அனுப்பி வீட்டைத் திறந்துவிடுங்கள். சாவியைக் குழு வாங்கி வைத்துக்கொள்ளாது.

நம்மில் பலருக்கு மோட்டார், வால்வு வேலை கைவந்த கலை. பக்கத்தில் கோவையில் பம்ப் தயாரிப்பில் இருக்கும் உறவினர்கள் உங்களுக்கு இருந்தால், மொத்த விலைக்கு வால்வு வாங்க உதவுங்கள். விலை குறைந்து மிச்சமாகும் பணம் பழைய கனெக்‌ஷன் பைப்புகளை மாற்றச் செலவிடப்படும். அவற்றில் பல, கட்டடம் கட்டியபோது போட்டவை.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இதற்கென்று தனித் தலைப்பில் வைக்கப்படும். இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவு ஞாயிறுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஏதேனும் காரணத்தால் பணி நடக்காமல் போனால் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தரப்படும்.

மாசி, பங்குனியில் நோன்பி (ஊர்க் கோயில் திருவிழா) தொடங்கிவிட்டால் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடும். அதற்கு முன் எல்லா வீடுகளிலும் பொருத்தி முடிக்க, தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் தொகை சேர வேண்டும். தரைத்தளத்துச் சங்க அறையில் ஞாயிறு காலை 9 முதல் 12 வரை குழு உறுப்பினர்கள் இருப்பார்கள். மாதிரிக்காக ஒரு வால்வும் சென்சாரும் அங்கே மேசைமேல் பொருத்தி வைத்திருக்கிறோம். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி நீங்களே சோதித்துப் பார்க்கலாம். படி இறங்க முடியாத பெரியவர்கள் காவலாளியிடம் சொல்லி அனுப்பினால் நாங்களே ரசீதுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
நீர்க்கசிவுத் தடுப்புக் குழுவினர்