ரைட் ஃபீல்டில் நின்ற ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுஸுகி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் பத்திரிகைகளில் பேஸ்பாலுக்கு இரண்டு பக்கம் கிடைப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை 2001-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆரம்பித்து, ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் முதல் மூலையாவது ஓடிச் சேர்வது) கணக்கிலேயே நடந்து, ஹிட் கணக்கிலேயே முடிந்துவிட்டது. அதற்கு முன் ஜப்பானில், கோபேயில் அவர் ஆடிய ஒன்பது வருஷத்துக்கு ஒரே ஒரு வரி. அவர் பந்து பிடித்து எறிகிற ஆள் என்பதற்கு அந்த ஒரு வரியும் இல்லை.

1993 முதல் 2000 வரை கோபேயில் ஒரு முத்து ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் நான். (தூத்துக்குடிக்காரன் முத்துக்கணக்கு எழுத ஜப்பானுக்கா போகணும் என்று ஊரில் கேலி பேசினார்கள்.) லீவு நாளில் சுரங்க ரயிலேறி, அவர் அணி ஆடும் கிரீன் ஸ்டேடியம் போவேன். கையிருப்புக்குத் தகுந்த டிக்கெட் வலதுபக்க எல்லைக்குப் பின்னால்தான். அங்கிருந்து பேட்டிங் பொம்மலாட்டம் மாதிரித் தெரியும். கண்ணுக்கு நேரே இருப்பது ரைட் ஃபீல்டரின், அதாவது மைதானத்தின் வலதுகோடியில் நின்று பந்து பிடிப்பவரின் முதுகு, அதில் 51 என்ற எண். லெஃப்டில் தாகுச்சி, நடுவில் மோட்டோனிஷி, ரைட்டில் இச்சிரோ. இந்த மூவரையும் தாண்டிப் பந்து தரையில் விழுவது லேசான காரியமில்லை.

அவர் சும்மா நின்று நான் பார்த்ததே கிடையாது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் குனிவார், தோளை முறுக்குவார், முழங்காலை மடக்கி நீட்டுவார். பந்தே வராத நாளிலும் இதே வேலைதான். ஆட்டம் தொடங்குமுன், உயரமாக வரும் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் குளோவை வைத்துப் பிடிப்பார். பிள்ளைகள் கத்துகிற கத்தலில் காது அடைத்துவிடும்.

முதுகில் 'இச்சிரோ' என்று இருந்ததற்கும் ஒரு கதை உண்டு. சுஸுகி என்பது அங்கே நம்மூர் முருகன் மாதிரி, தெருவுக்குப் பத்துப் பேர். முதல் இரண்டு வருஷமும், அதாவது 1992, 93-இல், காலை ஊசல் போல ஆட்டி அடிக்கும் அவர் பாணி அப்போதைய மேனேஜர் தோய்க்குப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் இரண்டாம் அணியிலேயே கிடந்தார். 1994-இல் புது மேனேஜராக வந்த ஓகி, ஆடுகிறபடி ஆடு என்று விட்டுவிட்டு, குடும்பப் பெயரை எடுத்துவிட்டு வெறும் இச்சிரோ என்று பதிவு செய்தார். அவரோடு கூடவே அணியில் இன்னொருவருக்கு 'பஞ்ச்' என்று பெயர் வைத்தார்கள். அப்போது எல்லாரும் அந்தப் பஞ்ச் சாட்டோவைப் பற்றித்தான் பேசினார்கள்! அந்த வருஷமே இச்சிரோ 130 ஆட்டத்தில் 210 ஹிட். பேச்சு மாறிவிட்டது.

1995 ஜனவரி 17 காலை பூகம்பம். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் போனார்கள். எங்கள் அலுவலகக் கட்டடம் நின்றது, அடுத்த தெரு நிற்கவில்லை. அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. சட்டைக் கையில் 'விடாதே கோபே' என்கிற பொருளில் ஒரு வாசகத்தைத் தைத்துக்கொண்டு அங்கேயே ஆடினார்கள். அந்த வருஷம் ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீக் பட்டம் கிடைத்தது, ஆனால் வெளியூர் மைதானத்தில். சொந்த ஊரில் அந்தக் காட்சியைப் பார்க்க இன்னும் ஒரு வருஷம் காத்திருந்தோம். 1996 செப்டம்பர் 23, பத்தாவது இன்னிங்ஸ். இச்சிரோ அடித்த டபிளில் (இரண்டாவது மூலைவரை ஓடவிடும் அடி) ஆட்டமும் முடிந்தது, பட்டமும் வந்தது. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. நூடுல்ஸ் கடை டிவியில் பார்த்தேன். கடைக்காரர் அழுதுகொண்டே எனக்குக் கிண்ணத்தை நீட்டினார், குழம்பில் பாதி மேஜையில் கொட்டியது. அதே அக்டோபரில் மற்ற லீக்கின் சாம்பியன் யோமியூரி ஜயன்ட்ஸையும் வீழ்த்தி, இரு லீக் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் சீரிஸை வென்றார்கள். உங்கள் கட்டுரையில் அந்த ஒரு வரிக்குள் இதெல்லாம் அடக்கம்.

எறிதலுக்கு வருகிறேன். 2001 ஏப்ரல் 11, ஓக்லாந்து. முதல் பேஸில் (ஓடிச் சேரும் முதல் மூலையில்) எதிரணியின் டெரன்ஸ் லாங். ரைட் பக்கம் ஒரு ஹிட் போகிறது. அந்த இடத்தில் ஓடுகிறவன் மூன்றாவது பேஸை எட்டிவிடுவது சகஜம். ரைட் ஃபீல்டிலிருந்து அதுதான் தூரம். கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து எறியும் பந்து வளைந்து வந்து கீப்பர் கையில் விழும் அல்லவா, இச்சிரோ எறிந்த இது அப்படி வளையவில்லை. கயிறு கட்டி இழுத்த மாதிரித் தாழ்வாக வந்து மூன்றாவது பேஸ்மேன் குளோவில் அடங்கியது. லாங் அவுட். அமெரிக்காவில் முதல் சீசன் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகாத ஆள்! ஓடுகிறவர்கள் அதற்குப் பிறகு யோசிக்கத் தொடங்கினார்கள். ஓடாமல் நின்றவன் கணக்கு எந்தப் பட்டியலிலும் ஏறாது. கட்டுரையாளருக்கு அது தென்படாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஜப்பானில் ஏழு வருஷம், அமெரிக்காவில் 2001 முதல் 2010 வரை பத்து வருஷம், சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் குளோவ் விருதை விடாமல் வாங்கியவர்.

ஜப்பானின் 1278 ஹிட்டையும் அமெரிக்காவின் 3089-ஐயும் கூட்டி 4367 என்று சொல்லி, அமெரிக்காவின் ஹிட் சாதனையாளர் பீட் ரோஸின் 4256-ஐ முந்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஊர்த் தராசில் நிறுத்ததை ஒரே பையில் போட்டு எடை சொல்ல முடியாது. இச்சிரோவுக்கு அந்தக் கூட்டல் தேவையும் இல்லை. 2025-இல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 394 ஓட்டில் 393 வாங்கினார். அந்த மிச்ச ஓட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசைதான்.

நியூயார்க், மயாமி எல்லாம் சுற்றி மறுபடி சியாட்டிலுக்கே வந்தவர், 2019 மார்ச் 21-இல் டோக்கியோவில் கடைசி ஆட்டம் ஆடினார். வயது 45. அன்று ஒரு ஹிட்டும் இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் வழக்கம்போல ஓடிப்போய் ரைட் ஃபீல்டில் நின்றார். அங்கிருந்துதான் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். குளோவோடு நடந்து வந்தார்.

கட்டுரையோடு நீங்கள் போட்ட மூன்று படத்திலும் அவர் கையில் மட்டைதான் இருக்கிறது. அடுத்த இதழில் இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குளோவோடு ஒரு படம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கோபேவாசி,
தூத்துக்குடி.