விமானத் தாமதமும் கிழக்குப் பயணியும்: உரிமையைத் தமிழில் எழுதிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு விமானம் தாமதமானால் பயணிக்கு என்ன தரப்பட வேண்டும், அதை யாரிடம் கேட்க வேண்டும் என்ற விபரத்தைத் தமிழிலும் எழுதி, செக்-இன் கவுண்டருக்கு முன்னால் போட வேண்டும். இதைக் கேட்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு அவசியம் என்பதைக் கடந்த ஜனவரியில் என் தொழில் பயணத்தில் நேரில் பார்த்தேன்.

நான் மருதமுனையில் கைத்தறி நடத்துகிறவன். சாரம், சேலை, மேசை விரிப்பு, கைத்துண்டு எல்லாம் நெய்கிறோம். விசைத்தறித் துணி விற்கிற விலைக்குக் கைத்தறியை விற்க முடியாது. நூலும் சாயமும் விலை ஏறிய பிறகு, வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒரு சிலராவது இருந்தால்தான் எங்கள் தறிகள் ஓடும் என்ற நிலை. அதனால்தான் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிற ஹைம்டெக்ஸ்டில் துணிக் கண்காட்சிக்குப் புறப்பட்டேன். அதன் பிறகு நெதர்லாந்து, பெல்ஜியம் என்று கடை கடையாகப் போய்ப் பார்க்கும் நீண்ட திட்டம்.

கொழும்பில் இருப்பவருக்கு விமான நிலையம் ஒரு மணி நேரத் தூரம். எங்களுக்கு அப்படியல்ல. கல்லாறு, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் தாண்டி, ஏறாவூர், வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று நாட்டையே குறுக்காகக் கடக்க வேண்டும். ஜனவரியில் மாரி இன்னும் விட்டிருக்காது. எந்த இடத்தில் வெள்ளம் வீதியை மறிக்கும் என்று தெரியாததால் இன்னும் முன்னதாகவே வேன் பிடிக்க வேண்டும். மட்டக்களப்பு விமான நிலையம் 2018 இல் சிவில் பாவனைக்குத் திறக்கப்பட்டபோது நாங்கள் எவ்வளவு நம்பிக்கை வைத்தோம் என்பது வேறு கதை, அதை இங்கே இழுக்கவில்லை.

எனது விமானம் அதிகாலையில். வேன் தம்புள்ளையைத் தாண்டிய பிறகுதான் விமானம் பிந்தும் என்ற குறுஞ்செய்தி வந்தது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், காரணம் எதுவும் இல்லாமல். ஆனால் வீட்டிலிருந்த மகன் விமானங்களைப் பார்க்கும் ஒரு செயலியில் தேடி, எங்களை ஏற்றிப் போக வேண்டிய விமானம் வளைகுடாவிலிருந்து இன்னும் கிளம்பவேயில்லை என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டான். வருகிற விமானமே திரும்பிப் போகிற விமானம். அது அங்கே பிந்திக் கிளம்பினால் இங்கும் பிந்தும் என்பது நிறுவனத்துக்குப் பல மணி நேரத்துக்கு முன்பே தெரியும். தெரிந்த உடனே சொன்னால், தூரத்திலிருந்து வருகிறவர் குருணாகலிலோ நீர்கொழும்பிலோ உறவினர் வீட்டில் சற்றுப் படுத்து எழும்பிப் போவார். குழந்தையோடு வருகிற தாய்க்கும், சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுக்கிற வயதானவருக்கும் அது எவ்வளவு பெரிய உதவி!

உள்ளே போன பிறகு நேரம் மறுபடி மாறியது, அப்புறம் இன்னொரு முறையும் மாறியது. சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் சரியான நேரம் இல்லை. சாப்பாடு தருவார்களா என்று கேட்டால், “மேலிடத்திலிருந்து அறிவித்தல் வரவில்லை” என்றார்கள். தாமதம் பற்றி ஒரு கடிதம் தாருங்கள், கொள்வனவாளருக்குக் காட்ட வேண்டும் என்றேன். மின்னஞ்சல் போடச் சொன்னார்கள்.

என் பக்கத்தில் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு சகோதரி இருந்தார். வீட்டு வேலைக்கு முதல் தடவையாகப் போகிறார். “நானா, இதில என்ன எழுதியிருக்கு?” என்று தன் கைத்தொலைபேசியை நீட்டினார். எனக்கு வந்த அதே ஆங்கிலச் செய்திதான். போய் இறங்கும் விமான நிலையத்தில் தன்னை ஏற்றிப் போக வருகிறவர் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதே அவருடைய பயம். வெளிநாட்டு அழைப்பு எடுக்க அவரிடம் வழியில்லை. என் தொலைபேசியில் பேசவைத்தேன். எங்களைச் சுற்றி அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். எனக்குப் போனது வியாபாரம். அவர்களுக்குப் போயிருக்கக்கூடியது கடன்பட்டுத் தேடிய வேலை. இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாகிறது.

வளைகுடாவில் இணைப்பு விமானம் எங்களுக்காக நிற்கவில்லை. அடுத்ததில் இடமில்லை. விசா இல்லாமல் விமான நிலையத்தை விட்டு வெளியே போகவும் முடியாது. கதிரையில்தான் இரவு கழிந்தது. பிராங்பேர்ட்டில் இறங்கியபோது மாதிரித் துணிகள் இருந்த பெட்டி வரவில்லை. நான்கு நாள் கண்காட்சியில் முதல் நாளே ஒரு கொள்வனவாளரோடு நேரம் ஒதுக்கியிருந்தோம். அவர் அடுத்த நாள் ஊர் திரும்பிவிட்டார். கைத்தறித் துணியைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், படத்தில் காட்டி விற்க முடியாது. பெட்டி வந்து சேர்ந்தபோது கண்காட்சி முடியும் தறுவாயில் இருந்தது. நெதர்லாந்தில் இரண்டு கடைகள் கிடைத்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இந்த ஓடருக்கென்று நூல் வாங்கி, பாவு ஓடி வைத்துக் காத்திருந்த நெசவாளர் பெண்களுக்கு நான் சொல்லியிருந்த அளவு வேலை கொண்டுவர முடியவில்லை.

இனி முக்கியமான விடயம். திரும்பி வரும்போது பிராங்பேர்ட்டிலும் விமானம் பிந்தியது. அதே நிறுவனம், அதே டிக்கெட், அதே பயணி. ஆனால் அங்கே கவுண்டரிலேயே ஓர் அறிவித்தல் இருந்தது: விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உங்கள் உரிமைகள் அடங்கிய பத்திரத்தைக் கேட்டுப் பெறுங்கள் என்று. ஜேர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதியிருந்தது. நாங்கள் வாய் திறக்க முன்பே துண்டுப் பத்திரமும் சாப்பாட்டுச் சீட்டும் கைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு 261 ஆம் இலக்க ஒழுங்குவிதி அப்படிச் செய்யச் சொல்கிறது. அங்கிருந்து புறப்படுகிற எந்த நாட்டு விமானத்துக்கும் அது பொருந்தும். நீண்ட தூரப் பயணத்தில் நான்கு மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடும், இரண்டு தொலைபேசி அழைப்புகளும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தர வேண்டும். போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தினால், தவிர்க்க முடியாத அசாதாரண காரணம் இல்லாவிட்டால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நட்டஈடு. இரண்டு தொலைபேசி அழைப்புகள் என்று வாசித்தபோது எனக்கு அந்த ஏறாவூர்ச் சகோதரியின் ஞாபகம்தான் வந்தது.

அப்படியானால் இங்கிருந்து போகிறவருக்கு எந்தச் சட்டமும் இல்லையா? இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் என்ற சர்வதேச விமானப் பயண உடன்படிக்கை 2019 முதல் இலங்கையையும் கட்டுப்படுத்துகிறது. தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் நட்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு. தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று அது நிரூபித்தால் மட்டுமே தப்பலாம். ஒரு பயணிக்கான உச்ச வரம்பு இப்போது 6,303 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில். அது ஒன்று ஓர் அமெரிக்க டொலரைவிடக் கூடியது. ஆனால் இது தானாக வராது. நட்டத்தைப் பற்றுச்சீட்டோடு காட்ட வேண்டும். பெட்டி பிந்தி வந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்கென்றால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் நின்ற கவுண்டரில் இதில் ஒரு வரிகூட எந்த மொழியிலும் இருக்கவில்லை. கழிவறைக்கு வழி காட்டும் பலகை மூன்று மொழியில் இருக்கிறது. உரிமைக்கு வழி காட்டும் பலகையையும் அப்படிப் போட முடியும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

சிவில் விமான சேவைகள் அதிகாரசபை இதில் தலையிட வேண்டும். அறிவித்தல் போடுவதோடு நிற்காமல், தாமதச் செய்தி தமிழிலும் சிங்களத்திலும் போக வேண்டும், காரணத்தோடு போக வேண்டும். பயணி கேட்டால் தாமதத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கவுண்டரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் நட்டஈட்டையோ காப்புறுதியையோ கேட்டு வெல்வது கஷ்டம். கிழக்கு மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதைச் சபையில் கேட்டால் நல்லது.

தொழிலுக்காகப் போகும் நம்மூர்க்காரருக்கும் இரண்டொரு விடயம் சொல்ல வேண்டும். விலை குறைவு என்று முகவர் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை இணைத்துத் தந்தால் வாங்க வேண்டாம். முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் நிறுவனம் உங்களை அடுத்ததில் ஏற்றிவிடக் கடமைப்பட்டது. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கென்று கட்டாயமாக எடுக்கிற 30,000 யூரோக் காப்புறுதி வைத்தியச் செலவுக்கானது, அது தாமதத்தை ஈடுசெய்யாது. அதற்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரித் துணிகளில் ஒரு சிறு தொகுதியையாவது கைப்பொதியில் வையுங்கள்.

என் போர்டிங் பாஸ், குறுஞ்செய்திகள், பெட்டி முறைப்பாட்டுப் பத்திரம், செலவுச் சீட்டுகள் எல்லாவற்றின் பிரதிகளையும் இணைத்து அதிகாரசபைக்குத் தமிழில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பிராங்பேர்ட் தாமதத்துக்கான நட்டஈடு எனக்குக் கிடைத்துவிட்டது. கட்டுநாயக்கத் தாமதத்துக்கு இன்றுவரை நிறுவனத்திடமிருந்து பதிலே இல்லை. இதே நிலைமைக்கு ஆளானவர்கள், முக்கியமாக வேலைக்குப் போன சகோதரிகளின் குடும்பத்தார், தங்கள் விபரங்களோடு அதிகாரசபைக்கு எழுதுங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று யோசிக்க வேண்டாம், தமிழிலேயே எழுதலாம்.

இப்படிக்கு,
கைத்தறி உற்பத்தியாளர்,
மருதமுனை.