அறுபத்திரண்டாவதாக எடுத்த பொடியன்

மொன்றியல்,
செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணன்,

எல்லாரும் சுகம்தானே. உயரம் காணாது என்று சின்னவனை உதைபந்து அணியில் இருந்து நிறுத்தினதைப் பற்றி போன கிழமை நீங்கள் சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு நடுச்சாமம், எனக்கு வேலைக்கு இறங்குகிற நேரம், அந்த அவசரத்தில் என்ன சொல்வது. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான், ஆனால் அரைவாசி கேட்டுவிட்டு போனை மச்சாளிடம் கொடுத்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

என் பாடு பரவாயில்லை. அதே பாண் பக்டரி, அதே பின்னேர வேலை. வீட்டுச் சொந்தக்காரர் வாடகையைக் கூட்டப்போகிறார் என்று கதை அடிபடுகிறது, பார்ப்போம். குளிர் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, ஆனால் காலையில் ஜக்கெட் இல்லாமல் வெளியே போக ஏலாது, மரமெல்லாம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. இந்த மாதம் வந்தாலே எங்கள் பக்டரியில் ஒரே ஒரு கதைதான் ஓடும், ஹொக்கி. மாத்தளைப் பக்கம் புல்லில் விளையாடுகிற ஹொக்கி இல்லை அண்ணன், இது ஐஸ் மேலே சறுக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டு விளையாடுவது. ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேரும் ஒரு கோல் காப்பாளரும். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலத்தில் ஒரு கறுப்பு இறப்பர் வட்டு. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், முக்கால் நிமிஷம் ஓடினதும் ஆள் மாறிவிடுவான், அதற்கு மேல் தாங்காது. முதல் வருஷம் எனக்கு அந்த வட்டு கண்ணிலேயே படவில்லை. இப்போது வேலை முடிஞ்சு வந்தால் யூடியூபில் அதைப் பார்க்காமல் நித்திரை வருவதில்லை.

இந்த ஊர் அணிக்குப் பேர் கனேடியன்ஸ், ஆட்கள் செல்லமாக ஹப்ஸ் என்பார்கள். ஸ்டான்லி கப் என்கிற பெரிய கிண்ணத்தை 24 தரம் எடுத்த அணி, வேறு எந்த அணியும் அவ்வளவு எடுத்ததில்லை. கடைசியாக எடுத்தது 1993. (அந்த வருஷம் நம்ம பக்கத்தில் ஆருக்கு விளையாட்டு ஞாபகம் இருந்தது, சொல்லுங்கள்.) அதற்குப் பிறகு இல்லை. அதனால் இங்கே ஆட்கள் இப்போது விளையாடுகிறவனை விட, நாளைக்கு வரப்போகிற பொடியன்களைப் பற்றித்தான் கூடப் பேசுகிறார்கள். இவன் வருவானா, இவன் தேறமாட்டானா, இவனை ஏன் எடுத்தார்கள், அவனை ஏன் விட்டார்கள், இதுதான் சாப்பாட்டு நேரக் கதை. கண்ணகி அம்மன் கோயில் கொம்புமுறி விளையாட்டுக்கு வடசேரி, தென்சேரி என்று ஊரே பிரிஞ்சு வசை பாடுவார்களே, அதே கூத்துத்தான் எங்கள் சாப்பாட்டு அறையில், வசை பிரெஞ்சில் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

விஷயம் என்னவென்றால், வருஷா வருஷம் ஜூன் கடைசியில் டிராஃப்ட் என்று ஒன்று வைக்கிறார்கள். 32 அணியும் முறை வைத்து பதினெட்டு வயசுப் பொடியன்களைப் பேர் சொல்லி எடுக்கும், ஏழு சுற்று, மொத்தம் 224 பேர். முந்தின வருஷம் கேவலமாகத் தோற்ற அணிக்கு முதல் ஆளை எடுக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அதுவும் சீட்டுக் குலுக்கல்தான், வேண்டுமென்றே தோற்காமல் இருக்க 1995 முதல் அப்படி வைத்திருக்கிறார்கள். எடுத்தவுடன் பெரிய அணியில் விளையாடலாம் என்று நினைக்காதீர்கள். அநேகம் பேர் திரும்பிப் போய் ஜூனியர் லீக்கிலோ பல்கலைக்கழகத்திலோ விளையாடவேண்டும், பிறகு, எங்கள் அணி எடுத்தவன் என்றால், பக்கத்து லவாலில் இருக்கிற இரண்டாம் தர அணிக்கு வரவேண்டும், அங்கே பஸ்ஸில் ஊர் ஊராக அலையவேண்டும். 224 பேரில் கனபேரின் பேரை பிறகு நாங்கள் கேள்விப்படவே மாட்டோம்.

எங்கள் வேலையிடத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், இந்த ஊர்க்காரர், அடுப்புப் பக்கம் நிற்கிறவர், பென்சனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அவருக்கு எதிர்க்கட்சி ஒரு ஹெய்ட்டி நாட்டுப் பொடியன். நான் நடுவில். இவர்களுடைய நீளமான சண்டை 2023இல் எடுத்த ஆளைப் பற்றியது. அந்த வருஷம் மொன்றியலுக்கு ஐந்தாவது இடம். மிச்கோவ் என்று ஒரு ரஷ்யப் பொடியன் இருந்தான், கோல் அடிப்பதில் சூரன், ஆனால் ரஷ்யாவில் 2026 வரை ஒப்பந்தம் இருந்தது. இவர்கள் அவனை விட்டுவிட்டு ரைன்பாக்கர் என்கிற ஒஸ்திரியாப் பொடியனை எடுத்தார்கள், தற்காப்பு ஆட்டக்காரன், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத விளையாட்டு. மிச்கோவை ஏழாவதாக பிலடெல்பியா எடுத்தது. அவன் 2026 வரை காத்திருக்காமல் போன வருஷமே வந்து, முதல் பருவத்திலேயே 26 கோல் அடித்துவிட்டான். நம்ம ஆள் அதே நேரம் முழங்கால் ஒப்பரேஷன் செய்து மாதக்கணக்கில் படுத்திருந்தான். கிழவருக்கு இதைக் கேட்டால் இரத்தக்கொதிப்பு ஏறும்.

எனக்கு என்ன கவலை என்றால், அந்த ரைன்பாக்கரை எடுத்த நாளிலேயே இங்கே சனம் அவனுக்குத் தூஷணத்தில் எழுதி அனுப்பினார்கள். பதினெட்டு வயசு. தன்னை எடுங்கள் என்று அவனா கேட்டான்? எடுத்தது சம்பளம் வாங்குகிற பெரிய மனிசர், பேச்சு வாங்கினது பிள்ளை. தற்காப்பில் நிற்கிறவன் தேறுவதற்கு முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவனை விடக் கூட வருஷம் பிடிக்கும் என்று இதே கிழவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார், ஆனால் தன் அணி என்று வந்ததும் அவருக்கே பொறுமை இல்லை.

அதற்கு முந்தின வருஷக் கதை இன்னும் சுவாரசியம். 2022 டிராஃப்ட் இங்கேயே, மொன்றியலில் நடந்தது, முதல் ஆளை எடுக்கிற உரிமையும் மொன்றியலுக்கே. ஷேன் ரைட் என்கிற பொடியன்தான் முதலாவது என்று வருஷக்கணக்காக எல்லாரும் சொல்லிவைத்திருந்தார்கள், பதினைந்து வயசிலேயே விசேஷ அனுமதி வாங்கி ஜூனியர் லீக்குக்குப் போனவன். மேடையில் கூப்பிட்டது ஸ்லாஃப்கோவ்ஸ்கி என்கிற ஸ்லோவாக்கியாப் பொடியனை. ஆறடி மூன்று அங்குலம், நல்ல பாரமான ஆள், அந்த வருஷம் ஒலிம்பிக்கில் பதினேழு வயசில் ஏழு கோல் அடித்தவன். ரைட் நாலாவது இடத்துக்கு இறங்கி சியாட்டிலுக்குப் போனான். ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் வருஷம் 39 ஆட்டத்தில் 10 புள்ளி (தான் அடித்த கோலையும் மற்றவன் அடிக்க உதவின கோலையும் சேர்த்து எண்ணுவதுதான் புள்ளி), பிறகு காயம். சரி, பிழையான ஆள், பணம் தண்ணீரில் என்று ஊரே முடிவுகட்டியது. அடுத்த வருஷம் அவன் 20 கோல், 50 புள்ளி. உடனே எட்டு வருஷ ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். ரைட் மெதுவாக வந்து போன பருவத்தில் 44 புள்ளி எடுத்தான். இப்போது ஹெய்ட்டிப் பொடியன் ஒரு பக்கம், கிழவர் மறுபக்கம், இன்னும் முடியவில்லை அந்தச் சண்டை. இரண்டு பேருக்கும் இருபத்தொரு வயசுதான், முடியவும் கூடாது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த ஆள் இவர்கள் இல்லை. அதே 2022இல், இரண்டாம் சுற்றில், 62வது ஆளாக மொன்றியல் எடுத்தது லேன் ஹட்சன் என்கிற அமெரிக்கப் பொடியனை. இவனும் தற்காப்பு. ஆனால் ஆள் கட்டை, அப்போது ஐந்தடி எட்டங்குலம் வரும். ஐஸ் ஹொக்கியில் தற்காப்பில் நிற்கிறவன் என்றால் ஆறடிக்கு மேலே வேணும், மோதித் தள்ளவேணும் என்பது இங்கே வேதவாக்கு. அந்தப் பொடியன் என்ன செய்தான் தெரியுமா, தன் எலும்பு இன்னும் வளரும் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி அணிகளுக்குக் காட்டினானாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. கையில் இருக்கிற திறமையைக் காட்டினது காணாமல், இனி வளரப்போகிற எலும்புக்கும் சாட்சி வேண்டியிருக்கு. கடிதம் காட்டியும் 61 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். பொஸ்டனில் இரண்டு வருஷம் பல்கலைக்கழகத்தில் விளையாடிவிட்டு வந்தான். போன பருவம் அவனுடைய முதல் முழுப் பருவம், 66 புள்ளி, புதுமுகங்களில் சிறந்தவனுக்குக் கொடுக்கிற கால்டர் கிண்ணம் அவனுக்கு. அவன் பெரிதாக மோதுவதில்லை. மோத வருகிறவன் வந்து சேரும்போது இவன் அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இடுப்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் கிறுகிப் போய்விடுவான், பார்க்கிற எங்களுக்கே தலை சுத்தும்.

இதிலே இன்னொரு விஷயம் இருக்கு. இந்த அணியின் பயிற்றுநர் மார்ட்டின் சென் லூயி, இங்கே பக்கத்து லவால் ஊர்க்காரர், அவரும் ஐந்தடி எட்டங்குலம். அவருடைய காலத்தில் டிராஃப்டில் அவரை ஒருத்தரும் எடுக்கவே இல்லை. பல்கலைக்கழகத்தில் விளையாடி, சின்ன லீக்கில் அலைந்து, ஒரு அணி வைத்திருந்து கழற்றிவிட்டு, கடைசியில் 2004இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஸ்டான்லி கிண்ணமும் ஒரே வருஷத்தில் எடுத்தார். ஹட்சன் வட்டை இழந்தாலும் அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்காமல் திரும்பவும் இறக்கிவிடுகிறார் என்றால் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். கிழவர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார், அவருக்குப் பயிற்றுநர் மேல் வேறு கோபம்.

அண்ணன், மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை சொல்லி ஏமாற்றுகிறேன் என்பீர்கள். 1993இல் முதலாவதாக எடுத்த டேக் என்கிறவர் அந்தக் காலத்தில் பெரிய நட்சத்திரமாக வருவார் என்று ஒட்டாவா அணி காசைக் கொட்டியது, அப்படி வரவில்லை, இரண்டாவதாக எடுத்த ப்ரோங்கர்தான் பிறகு பெரிய ஆளானார். மொன்றியலே 2018இல் மூன்றாவதாக ஒரு பின்லாந்துப் பொடியனை எடுத்து, பதினெட்டு வயசிலேயே பெரிய ஆட்களோடு இறக்கிவிட்டு, மூன்று வருஷத்தில் வேறு அணிக்குப் பறிகொடுத்தது. அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி. ஆக, சின்ன ஆளெல்லாம் ஹட்சன் ஆவதில்லை, முதலாவதாக எடுத்தவனெல்லாம் தேறுவதுமில்லை. இந்த விளையாட்டுக்குச் செலவும் அப்படி, சப்பாத்து, மட்டை, கவசம், ஐஸ் மைதானக் காசு என்று ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் போகும், எங்கட சனத்தில் பிள்ளையை இதில் விடுகிறவர்கள் குறைவு.

இப்போது சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். உயரம் காணாது என்று பதினாறு வயசுக்குட்பட்டோர் உதைபந்து அணியில் இருந்து அவனை நிறுத்திவிட்டார்கள், நீங்களும் இனி விளையாட்டு வேண்டாம், ஓ.எல். சோதனைக்குப் படி என்று சொல்லிவிட்டீர்கள். படிக்கச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. படிப்பை விடச்சொல்லி நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், ஹட்சனும் படித்துக்கொண்டுதான் விளையாடினான். ஆனால் பதினைந்து வயசில் அளவு நாடாவை வைத்து ஒரு பிள்ளையை முடிவுகட்டுவதை நீங்களே செய்யலாமா? நீங்கள் எந்த ஊரில் விளையாடின ஆள்? ஹெபர்ட் சுவாமி, அந்த அமெரிக்கப் பாதிரியார், மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரிப் பொடியன்களை வைத்து பாஸ்கெட்போலில் நாடு முழுக்கப் பேர் எடுக்கவில்லையா, அதுவும் உயரமானவன் விளையாட்டு என்று எல்லாரும் சொல்கிற விளையாட்டில். அந்த மனிசன் 1990இல் வாழைச்சேனையில் இருந்து வருகிற வழியில் காணாமல்போனதோடு, பிள்ளைகளை அப்படிக் கவனித்துப் பார்க்கிற கண்ணும் போய்விட்டது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

இங்கே ஒரு குக்கிராமத்து ஐஸ் மைதானத்திலும் அணிகளுக்கு ஆள் பார்க்கிற ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தோடு குந்திக்கொண்டிருப்பார். அத்தனை பேர் பார்த்தும் 61 தரம் ஹட்சனைத் தாண்டிப்போனார்கள். நம்ம பக்கத்தில் ஒரே ஒரு மாஸ்டர் ஒரு பின்னேரம் பார்த்துச் சொன்னது எப்படி முடிந்த முடிவாகும்? போன வருஷம் நான் வந்தபோது வெபர் மைதானத்தில் அவன் விளையாடினதைப் பார்த்தேன். பந்து தன்னிடம் வருவதற்கு முதலே தலையைத் திருப்பி ஆர் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறான். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கிழவரிடம் அவனுடைய வீடியோவைக் காட்டினேன், அவருக்கு உதைபந்து பிடிக்காது, இருந்தாலும் பார்த்துவிட்டு "இந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கு" என்றார். ஹெய்ட்டிப் பொடியன் இடது கால் பலவீனம் என்றான். அதுவும் உண்மைதான், அவனிடம் சொல்லுங்கள்.

அவன் பெரிய ஆளாக வருவான் என்று நான் சொல்லவில்லை. வராமலும் போகலாம். கிழமைக்கு இரண்டு பின்னேரம் விடுங்கள், சோதனை முடிகிற வரைக்கும் அவ்வளவு போதும். பள்ளிக்கூட அணி இல்லாவிட்டால் ஊர்க் கழகப் பொடியன்களோடு விளையாடட்டும், பெரியவர்களோடு விளையாடினால் மோதலில் இருந்து தப்பப் பழகுவான். வீட்டில் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், நீங்களாக விட்டதாக இருக்கட்டும்.

அம்மாவின் கண் மருந்துக்குச் சேர்த்துத்தான் இந்த மாதம் காசு போட்டிருக்கிறேன், வந்ததும் சொல்லுங்கள். மாரி தொடங்க முதல் பின் பக்கத்துக் கூரைத் தகரத்தைப் பார்ப்பித்துவிடுங்கள். சின்னவனின் கால் அளவை சென்ரிமீற்றரில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், டிசம்பரில் இங்கிருந்து ஆள் ஒருத்தர் வருகிறார், பூட்ஸ் கொடுத்துவிடுகிறேன். ஒரு அளவு பெரிதாக வாங்கவா, சரியாக வாங்கவா என்பதையும் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அன்புடன்,
தம்பி