மாமனார் விட்டுப்போன கடன்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் இருவருக்கும் ரொம்பச் சந்தோஷம். தேதி முடிவானதும் உடனே சொல், நான் இங்கே லீவுக்குச் சொல்லி வைக்க வேண்டும். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் பண்ணை வீடான மான்டிசெல்லோவுக்குப் போய்வந்ததைப் பற்றி நான் எழுதியதற்கு, "அவ்வளவு நிலம் வைத்திருந்த ஜெஃபர்சன் எப்படிக் கடனாளியாகச் செத்தார்?" என்று கேட்டிருந்தாய். நிலவள வங்கியில் காலமெல்லாம் அடமானப் பத்திரம் பார்த்தவன் நீ. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆரம்பம் அவருடைய மாமனார் ஜான் வேல்ஸ். அந்தக் காலத்து வர்ஜீனியாப் பண்ணைக்காரர்கள் புகையிலையை இங்கிலாந்து வியாபாரிக்குக் கப்பலேற்றுவார்கள். அவன் அதை விற்று, இவர்கள் கேட்ட துணிமணி, மேஜை நாற்காலி எல்லாம் கணக்கில் எழுதி அனுப்புவான். விலை இறங்கினால் பாக்கி நிற்கும், அதற்கு வட்டி ஏறும். பிரிஸ்டல் நகரத்து ஃபாரல் அண்ட் ஜோன்ஸ் கம்பெனிக்காக அந்தப் பாக்கிகளை வசூலித்துக் கொடுத்தவரே வேல்ஸ்தான். அடிமை வியாபாரமும் செய்தார். 1773-ல் அவர் இறந்தபோது அதே கம்பெனிக்கு அவரும் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தார்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். கடன் தீரும்வரை சொத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கலாம். மருமகன்கள் பொறுக்கவில்லை, 1774-லேயே பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஜெஃபர்சன் பங்குக்கு சுமார் 11,000 ஏக்கரும் 135 அடிமைகளும் வந்தார்கள். கடனும் பங்கு போட்டு அவரவர் தலையில் ஏறியது.

அவர் சும்மா இருக்கவில்லை. வந்த நிலத்தில் பாதிக்கு மேல் விற்றார். விற்றது தவணைக்கு. தவணைப் பணம் கைக்கு வருவதற்குள் சுதந்திரப் போர் மூண்டு, காகிதப் பணம் மதிப்பிழந்துவிட்டது. 4,200 பவுண்டுக்கு நிலம் விற்றேன், வந்த பணம் ஓக் மர இலைக்குக்கூடப் பெறவில்லை என்று 1787-ல் அந்தக் கம்பெனியின் ஜோன்ஸுக்கே எழுதியிருக்கிறார். நிலம் போனது போனதுதான், கடன் அசையவில்லை.

வர்ஜீனியா அரசும் ஒரு வழி பார்த்தது. பிரிட்டிஷ்காரனுக்குத் தர வேண்டியதைக் காகிதப் பணமாக மாநிலக் கடன் அலுவலகத்தில் கட்டினால் போதும் என்று 1777-ல் சட்டம் போட்டார்கள். பிரிட்டனோடு செய்த 1783 சமாதான ஒப்பந்தமோ கடன் கொடுத்தவர்களுக்கு முழுத் தொகையும் சேர வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், அந்தச் சலுகை செல்லாது என்று 1796-ல் தீர்ப்பானது. வழக்குப் போட்டது யார் தெரியுமா? அதே ஃபாரல் அண்ட் ஜோன்ஸ் கம்பெனியின் தரப்புதான். பண்ணைக்காரர்களுக்காக வாதாடித் தோற்றவர் ஜான் மார்ஷல், பிற்பாடு அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனவர்.

அப்புறம் ஜாமீன் கையெழுத்து. 1815-ல் தன் நூலகத்தின் 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்கு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு விற்றுக் கொஞ்சம் மூச்சுவிட்டார். மூன்றே வருஷத்தில் முன்னாள் கவர்னர் வில்சன் கேரி நிக்கலஸ் 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கேட்டார். அவர் மகளைத்தான் ஜெஃபர்சனின் பேரன் கட்டியிருந்தான். சம்பந்தி வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது எப்படி மறுப்பது? 1819-ன் பொருளாதார நெருக்கடியில் நிக்கலஸ் நொடித்துப்போனார், அடுத்த வருஷமே இறந்தும் போனார். அந்தக் கடனுக்கு வட்டி மட்டும் வருஷம் 1,200 டாலர்.

1826-ல் ஜெஃபர்சன் கண்மூடியபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். இதுவரை நான் சொன்னதெல்லாம் பத்திரக் கணக்கு. மனதை அறுப்பது இதற்குப் பிறகுதான். கடன் வாங்கியவர்கள் யாரோ, அதற்கு ஈடாக நின்றவர்கள் அங்கே வேலை செய்த மனிதர்கள். 1827 ஜனவரியில் 130 பேரை மான்டிசெல்லோவில் ஏலம் விட்டார்கள். கொல்லன் ஜோசஃப் ஃபாஸெட்டுக்கு ஜெஃபர்சனின் உயில் விடுதலை கொடுத்திருந்தது. மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கவில்லை. ஏலத்தில் போன மகன் பீட்டருக்கு 11 வயது. ஜோசஃபின் பாட்டி பெட்டி ஹெமிங்ஸ் வேல்ஸின் சொத்துப் பாகத்தோடு மான்டிசெல்லோவுக்கு வந்தவள். மாமனார் வீட்டுக் கடன் வந்த அதே பாகப்பிரிவினையில்தான் இந்தக் குடும்பமும் வந்தது. பீட்டர் பல வருஷம் கழித்து விடுதலை பெற்று, சின்சினாட்டியில் பாதிரியாராக வாழ்ந்தார் என்று படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய கை, தன் கடனுக்கு இவர்களை ஈடாக விட்டுப்போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடன் நிற்கும்போதே வாரிசுகள் பாகம் பிரித்துக்கொண்டால், நம் ஊரில் கடன் கொடுத்தவன் யாரைப் பிடிப்பான்? ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்குக்கு மட்டுமா, இல்லை ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாமா? வங்கியில் இப்படி எத்தனையோ பார்த்திருப்பாய். அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராமு