டிரிம் மோட்டார் பற்றி சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, சாயங்காலம் தெருமுனை வரை நடக்கிறார்.

நீயே கட்டும் ஆர்வி-7 குட்டி விமானத்துக்கு வால் பகுதி முடிந்து இறக்கைக்கு வந்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. 2023 டிசம்பரில் அந்த கிட்டை விற்கும் வான்ஸ் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டபோது, உன் கிட் பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

சரி, டிரிம் மோட்டாருக்கு, அதாவது வாலில் அசையும் எலிவேட்டரின் ஓரத்தில் உள்ள டேப் என்ற சின்னத் தகட்டைத் திருப்பி, ஸ்டிக்கைக் கையால் தாங்காமலே மூக்கை நிலையாக வைக்கும் மோட்டாருக்கு, வேகக் கட்டுப்பாடு வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கண்டிப்பாக வேண்டும். தரையிறங்க வரும்போது 80 நாட், மேலே பறக்கும்போது 160 நாட் என்று வைத்துக்கொள். வேகம் இரண்டு மடங்கு, டேப்பின் மேல் காற்று தரும் விசையோ நான்கு மடங்கு. மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது, 12 வோல்ட் வந்தால் ஒரே மாதிரி ஓடும். 160 நாட்டில் பட்டனைத் தொட்டு எடுத்தாலே மூக்கு எழும்பிவிடும். எதிர்ப்பக்கம் தட்டினால் தேவைக்கு மேல் இறங்கும். அதற்காக மோட்டாரை ஒரேயடியாக மெதுவாக்கினால், தரையிறங்க இறக்கையின் ஃபிளாப்பை இறக்கியபின் பட்டனை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பழைய ஆட்கள் எல்எம்317 ரெகுலேட்டர் வைத்து வோல்டேஜைக் குறைப்பார்கள். மோட்டாரை இரு பக்கமும் ஓட்டும் மின்சுவிட்சான ரிலேக்கு அப்புறம் பிளஸ், மைனஸ் மாறி மாறி வரும் என்பதால், அதை ரிலேக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். மலிவான வழிதான், ஆனால் வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் இழுவையும் குறையும். டேப்பின் கீல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறும். முழு வோல்டேஜையே விட்டுவிட்டுக் கொடுக்கும் பல்ஸ் முறையில் அந்தத் தொல்லை இல்லை. ரேடியோவில் இரைச்சல் வரலாம், அதனால் மோட்டாரின் இரண்டு வெள்ளை ஒயர்களையும் முறுக்கி, ஹெட்செட் ஒயருக்குத் தள்ளியே கொண்டுபோ. நீ கார்மின் ஜி3எக்ஸ் டிஸ்ப்ளேதான் போடப்போகிறாய் என்றால், அதோடு சேரும் ஜிஏடி 27 பெட்டியையும் வாங்கிவிடு. காற்று வேகத்தைப் பார்த்து டிரிம் வேகத்தை அதுவே மாற்றிக்கொள்ளும். வேகத் தகவல் நின்றுபோனால் எந்த வேகத்தில் ஓடும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிடு.

எனக்கு இதில் சொகுசைவிடப் பாதுகாப்புதான் முக்கியம். ரிலே வைத்த அமைப்பில், ஸ்டிக் பட்டனின் ஒயர் கிரவுண்டைத் தொட்டால் ரிலே இழுக்கும். அந்த ஒயர் ஸ்டிக்கின் அடியில், ஸ்டிக் அசையும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. உறை தேய்ந்து உலோகத்தில் பட்டால் யாரும் தொடாமலே டிரிம் ஒரு பக்கக் கடைசி எல்லை வரை ஓடிவிடும். அந்த நேரத்தில் மோட்டார் மெதுவாக ஓடினால்தான் என்ன நடக்கிறது என்று புரிந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுக்க அவகாசம் கிடைக்கும். எல்லை வரை போயே விட்டாலும் பதறாதே, பவரைக் குறை. வேகம் பாதியானால் ஸ்டிக்கில் தாங்க வேண்டிய பாரம் கால்பங்காகும். பேனலுக்கு அடியில் பியூஸ் வைத்தால் அந்த நேரத்தில் கை எட்டாது. இழுக்கக்கூடிய பிரேக்கராக, பெல்ட் போட்ட நிலையிலும் எட்டும் இடத்தில் வை.

உனக்கு சர்வோ, அதாவது டிரிம் மோட்டார் பெட்டி, இடது எலிவேட்டருக்குள் இருக்கிறது இல்லையா, அதிலிருந்து வரும் ஐந்து மெல்லிய ஒயர்களும் கீலைத் தாண்டும் இடத்தில் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். எலிவேட்டரை முழுக்க மேலும் கீழும் ஆட்டி, எங்காவது இழுபடுகிறதா, உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார். அப்புறம் மூக்கு மேலே வரும்படி பட்டனை அழுத்தினால் டேப் கீழே இறங்க வேண்டும். இதை மட்டும் இன்னொருவரைப் பின்னால் நிற்கவைத்துச் சரிபார்.

ஒயரிங் படம் வரைந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. ஜூலையில் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்கு வருகிறாயா? வந்தால் ஒரே இடத்தில் கூடாரம் போடலாம், சீக்கிரம் சொல்.

அன்புடன்,
ரகு