கடைசி டோஸ் எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

நெல்லை, தென்காசி மாவட்டங்களின் மனநல மருத்துவர்களுக்கும், போதை மீட்பு மையம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் சின்னதாக ஒரு மெடிக்கல் வைத்திருக்கிறேன். பார்மசி டிப்ளமா படித்தவள். இந்த மடலைக் கடைக்காரியாகவும் எழுதுகிறேன், ஒருவனுக்கு அக்காவாகவும் எழுதுகிறேன். எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல எனக்கே வராது.

என் தம்பி 17 வயதில் மும்பை தாராவிக்குப் போனான். எங்கள் பக்கத்து ஆட்கள் தலைமுறையாகப் பிழைக்கப் போகிற இடம்தான். அங்கே பிரவுன் சுகர், அதாவது ஹெராயின், ஒட்டிக்கொண்டது. அந்தக் கதை வேண்டாம். பிறகு நாலு வருஷம், ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர்கள் அளந்து கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்தில் இருந்தான் என்பதுதான் முக்கியம். தினமும் காலையில் மையத்துக்குப் போய், நர்ஸ் பார்க்க 60 மில்லிகிராம் சிரப்பைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவான். அம்மாவின் அடகு நகை மீண்டது அந்த நாலு வருஷத்தில்தான்.

போன ஆனியில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று நாள் மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினான். அதில் பாதி வழியிலேயே தீர்ந்தது. நாலாம் நாள் காலை ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த மையம் என்று எழுதப்போவதில்லை.

"மெத்தடோன் இங்க கிடையாதும்மா. அதே மாதிரி இன்னொரு மாத்திரை இருக்கு, நாக்குக்கு அடியில வைக்கணும்" என்றார்கள். கடைசியாக எப்போது குடித்தான், எவ்வளவு குடித்தான் என்று யாரும் கேட்கவில்லை. குடித்து 26 மணி நேரம்தான் ஆகியிருந்தது. பியூப்ரினார்ஃபின் என்ற அந்த மாத்திரையில் 2 மில்லிகிராம் வைத்தார்கள். அரை மணி கழித்து இன்னொரு 2.

"அதே மாதிரி" என்ற அந்தச் சொல்தான் வினை. ஜங்ஷனில் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, மூளையிலும் இந்த மருந்துகள் இடம் பிடித்துத்தான் வேலை செய்கின்றன. மெத்தடோன் உட்கார்ந்தால் முழு வேலையும் செய்யும். பியூப்ரினார்ஃபின் உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிட்டுத் தான் உட்காரும். அவ்வளவு பிடி அதற்கு. ஆனால் செய்வது பாதி வேலை. அதனால் மெத்தடோன் உடம்பில் நிறைய இருக்கும்போது இதைக் கொடுத்தால், மருந்து விட்டுப்போனால் நாள்கணக்கில் மெல்ல வரவேண்டிய உடல் வேதனை ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வந்து இறங்கும்.

இறங்கியது. வாந்தி, பேதி, உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம், சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். "என்னமோ பண்ணுதுக்கா" என்று என் கையை விடவே இல்லை. பணியாளர் ஒருவர் எட்டிப்பார்த்து, "சும்மா நடிக்கான்" என்றார். ராத்திரி வீட்டிலிருந்து காணாமல் போனான். விடியற்காலை வந்தபோது கையில் ஊசித் தடம். வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஏற்றியிருக்கிறான். அந்த மாத்திரை என் அலமாரியிலும் உண்டு. சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடை எது என்பது ஊருக்கு வந்து மூன்று நாள் ஆனவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இன்னும் தெரியாது.

அதற்கடுத்த வாரம் வேறொருவர் நால்ட்ரெக்சோன் போடலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். அது இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாத மருந்து. ஹெராயின் மாதிரிச் சீக்கிரம் இறங்கும் சரக்கை விட்டே 7 முதல் 10 நாள் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் என்றால் இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். ஊசித் தடம் காயாதவனுக்கு அதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தால் மெத்தடோனை விட்டு மாற்றத்தான் வேண்டியிருக்கும். டிபிக்காரருக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் அது மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டிவரும். ஆனால் மாற்றும் நேரத்தை நோயாளியின் உடம்பு சொல்ல வேண்டும். வழக்கமான வழி எல்லாரும் படித்ததுதான்: மெத்தடோனை 30 மில்லிகிராமுக்குக் குறைத்து, ஒன்றரை நாளோ அதற்கு மேலோ காத்திருந்து, நாடி, வேர்வை, கண்மணி, கொட்டாவி என்று 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் தாளில் 12, 13 வந்தபிறகு சின்ன அளவில் தொடங்குவது. காத்திருக்க முடியாதவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் 2016-ல் எழுதிய முறை இருக்கிறது. பழைய மருந்தை நிறுத்தாமலே பியூப்ரினார்ஃபினை 0.2 மில்லிகிராமில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டி, அது நிலைத்தபிறகு பழையதை விடுவது. நம் நாட்டில் 0.4 மில்லிகிராம் மாத்திரையே கிடைக்கிறது. பாதியாக உடைக்க எத்தனை நேரம் ஆகும்?

பழைய மருந்துக்குத் திரும்பிப் போவதிலும் ஆபத்து உண்டு என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். பியூப்ரினார்ஃபினிலிருந்து மெத்தடோனுக்குப் போகக் காத்திருக்கத் தேவையில்லை, மறுநாளே தொடங்கலாம். ஆனால் சில நாள் விட்டுப்போனவனுக்குப் பழைய 60-ஐ அப்படியே ஊற்றினால் மூச்சே நின்றுவிடலாம். மும்பை டாக்டர் 20-ல் ஆரம்பித்தார். "அக்கா, என்னய ஏமாத்துதாங்க" என்று போனில் அழுதான். அந்த 20-தான் அவனை உயிரோடு வைத்தது என்று புரியவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இந்த இரண்டு மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது 2005-ல். ஸ்டாக் இல்லை என்பதற்காக மருந்தை மாற்றுவது இன்னும் நடக்கிறது. ஸ்டாக் உங்கள் கையில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சீட்டு எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த தேதியும் மணியும். ஊர் மாறிப் போகிற ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அது இருக்கட்டும். வருகிறவர்களிடம் முதலில் அதைக் கேளுங்கள். சீட்டு இல்லாதவன் வாயால் சொன்னாலும் நம்புங்கள். கடைசி டோஸ் நேரத்தை மறக்கிற நோயாளியை நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் தங்கச்சி கல்யாணம். தம்பி 12 நாள் தங்குவதாகச் சொல்கிறான். அவன் டாக்டர் இப்போதே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அதை உங்களில் யாரிடம் கொண்டுவந்து காட்டலாம் என்று சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குக் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் கடைக்காரி
கல்லிடைக்குறிச்சி