விண்வெளிக் கதைக்குள் சமூக நீதி வரக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதைத் தொடர்கள் நிறம், பாலினம், சமத்துவம் பற்றிப் பேசினால் 'பொழுதுபோக்கில் எதற்கு அரசியல்?' என்று ரசிகர்களில் ஒரு சாரார் கொதிப்பது வேதனை தருகிறது. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரில் 2018-இல் முதன்முறையாக ஒரு பெண் நாயக வேடம் ஏற்றபோதும், அதே ஆண்டு அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸின் கதை ஒளிபரப்பானபோதும் இக்குரல் எழுந்தது. ஆனால், 1963-இல் அத்தொடர் தொடங்கிய சில வாரங்களிலேயே தோன்றிய டாலெக்குகள், நாஜிகளை மனத்தில் கொண்டு படைக்கப்பட்ட எதிரிகளே.

உரையாடல் பிரசங்கமாகிவிடுகிறது என்ற குறை சில இடங்களில் நியாயமானதுதான்.

ரோசா பார்க்ஸ் பகுதியை என் பேத்தியுடன் பார்த்தேன். 1955-இல் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக அவர் இருக்கையை விட்டு எழ மறுக்கும் காட்சியில், முறுக்கைக் கடிக்கப்போன கையை அப்படியே நிறுத்தி, "தாத்தா, உட்கார்ந்ததற்கா கைது?" என்று கேட்டாள். மறுநாளே அவளைச் சாமித்தோப்புக்கு அழைத்துச் சென்று, எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் எடுக்க, சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் வழிசெய்த முத்திரிக் கிணற்றைக் காட்டி, சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட தோள்சீலைக்காகப் போராடிய நம் பெண்கள் 1859-இல், அதுவும் நிபந்தனையுடன்தான், மேலாடை உரிமை பெற்றதைச் சொன்னேன். படியில் அமர்ந்து நெடுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தகைய தொடர்களைப் பற்றிய விமர்சனங்களைத் தங்கள் நாளிதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.